முகமூடியும் ஊர்வலமும்

(பஞ்சாலைத் தொழிலாளர்களும் விவசாயத் தொழிலாளர்களும் கூடிய ஊழியர் கூட்டத்தில் ஆற்றிய பேச்சு)



போன மாதம் கூலிப் பாக்கி கேட்டுத் தாசில்தார் ஆபீசுக்கு ஊர்வலம் போனோம். இங்கே இருக்கிற எல்லோரும் வந்திருந்தீர்கள். வேகாத வெயிலில் மூன்று மைல் நடந்தோம். மனுவை ஒரு குமாஸ்தா வாங்கினார், முத்திரை குத்தினார், நகலைத் திருப்பிக் கொடுத்தார். அவ்வளவுதான். திரும்பி வரும்போது இரண்டு இளந்தோழர்கள் என்னோடு நடந்து வந்தார்கள். ஒருவர் மில்லில் பதிலி வேலை பார்ப்பவர். மற்றவர் நடவு, அறுப்பு என்று பிழைக்கிற குடும்பத்துப் பிள்ளை. "அண்ணே, நடந்து நடந்து நம்ம செருப்புத்தான் தேயுது. வெளிநாட்டிலே கறுப்புச் சட்டை போட்டு, முகத்தை மூடிக்கிட்டு, நாலு பாங்கிக் கண்ணாடியை உடைக்கிறாங்க. அன்னைக்கே உலகம் பூரா தெரிஞ்சு போகுது. நாம ஏன் அப்படிச் செய்யக்கூடாது?" என்று கேட்டார்கள். செல்போனில் படமும் காட்டினார்கள்.

பக்கத்தில் வந்த சில தோழர்கள் அவர்களை அதட்டினார்கள். அது சரியல்ல. வயிறு எரிகிறவன் கேட்கிற கேள்வி அது. ஊழியர் கூட்டத்தில் பதில் சொல்கிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

நான் அந்தத் தேசங்களைப் பார்த்தவன் அல்ல. பத்தாவதோடு படிப்பை நிறுத்தியவன். நமக்கு வேண்டிய ஒரு வாத்தியார் இங்கிலீஷ் பத்திரிகைகளையும் கோர்ட் தீர்ப்புகளையும் படித்துச் சொன்னார். நான் நோட்டில் குறித்துக்கொண்டேன். அதை வைத்துத்தான் பேசுகிறேன்.

முதலில், யார் இவர்கள்? நம் ஊரில் கறுப்புச் சட்டை என்றால் பெரியாரின் தொண்டர்கள் நினைவுக்கு வரும். அவர்களுக்கும் இதற்கும் சம்பந்தம் கிடையாது. 1980-ஆம் ஆண்டு வாக்கில் மேற்கு ஜெர்மனியில் வீடில்லாத இளைஞர்கள், பூட்டிக் கிடந்த வீடுகளில் புகுந்து குடியேறினார்கள். அணுமின் நிலையங்களை எதிர்த்தும் கிளர்ச்சி நடந்தது. போலீஸ் அடித்து விரட்டியது. அடியிலிருந்து தப்ப ஹெல்மெட் போட்டார்கள். போட்டோவிலிருந்து தப்ப முகத்தை மூடினார்கள். ஆளை ஆள் பிரித்துப் பார்க்க முடியாதபடி எல்லோரும் கறுப்பு உடை உடுத்தினார்கள். "கறுப்பு அணி" என்ற பெயர் அப்படித்தான் வந்தது. இது சங்கம் அல்ல. இதற்குத் தலைவர் இல்லை, மெம்பர் சீட்டு இல்லை. ஊர்வலத்துக்கு வரும்போது கறுப்பு உடுத்தி ஒன்றுசேர்வார்கள். காரியம் முடிந்ததும் சட்டையை மாற்றிக்கொண்டு கூட்டத்தில் கலந்துவிடுவார்கள். அவர்களில் பெரும்பாலோர் அராஜகவாதிகள், அதாவது எந்தச் சர்க்காரும் வேண்டாம் என்கிறவர்கள். ஆனால் அராஜகவாதிகள் எல்லோரும் இப்படி முகத்தை மூடுகிறவர்கள் என்று நினைத்துவிடாதீர்கள்.

அவர்கள் வாதத்தையும் நியாயமாகச் சொல்லிவிடுகிறேன். "கண்ணாடிக்கு வலிக்குமா? ஆயிரம் குடும்பங்களைத் தெருவில் நிறுத்துகிற பாங்கியை விட்டுவிட்டு, அதன் ஜன்னலுக்காக ஏன் அழுகிறீர்கள்?" என்கிறார்கள். முகத்தை மூடாவிட்டால் வேலை போகும், கேஸ் வரும் என்கிறார்கள். இதில் உண்மை இருக்கிறது. நம் மில் கேட்டில் நாம் கோஷம் போடும்போது மாடியிலிருந்து யார் படம் எடுக்கிறார்கள் என்று உங்களுக்கே தெரியும். கண்ணாடிக்காக நானும் அழப்போவதில்லை. ஆனால் அந்தக் கண்ணாடிக்கு உள்ளே யார் இருக்கிறார்கள், கல்லெறிகிறவனுக்குப் பின்னால் யார் நடந்து வருகிறார்கள் என்று கேட்டுத்தான் ஆகவேண்டும்.

கிரீஸ் தேசத்தில் நடந்ததைச் சொல்கிறேன். 2010-ஆம் ஆண்டு. சர்க்கார் கடனில் மூழ்கிவிட்டது. ஐரோப்பிய நாடுகளும் சர்வதேச நாணய நிதியும் சேர்ந்து 11,000 கோடி யூரோ கடன் தருகிறோம் என்றன. சும்மாவா தரும்? சர்க்கார் ஊழியர் சம்பளத்தில் வெட்டு. பண்டிகைக்குப் பண்டிகை கொடுத்துவந்த போனசில் வெட்டு. பென்ஷனில் வெட்டு. கடைச் சாமான் மீது விற்பனை வரி நூற்றுக்கு 23. பாங்கிகள் வாங்கிய அடிக்குத் தொழிலாளி முதுகில் மருந்து தடவினார்கள்!

தொழிலாளிகள் சும்மா இருக்கவில்லை. மே 5-ஆம் தேதி நாடு முழுவதும் பொது வேலைநிறுத்தம். கப்பல் நின்றது, ரயில் நின்றது, பள்ளிக்கூடம் மூடியது. தலைநகரமான ஏதென்சில் அன்று புறப்பட்ட ஊர்வலம், பல பத்தாண்டுகளில் அந்த ஊர் காணாத ஊர்வலம் என்று எல்லாப் பத்திரிகைகளும் எழுதின. ஆசிரியர்கள், துறைமுகத் தொழிலாளிகள், பென்ஷன்காரக் கிழவர்கள், கைக்குழந்தைக்காரிகள் எல்லோரும் பார்லிமெண்டை நோக்கி நடந்தார்கள்.

ஊர்வலம் போன வழியில் ஸ்டாடியூ தெருவில் மார்ஃபின் என்ற பாங்கியின் கிளை. ஊரே வேலைநிறுத்தம் செய்கிற அன்று அந்தக் கிளையில் இருபதுக்கும் மேற்பட்ட ஊழியர்கள் உள்ளே வேலை செய்துகொண்டிருந்தார்கள். ஏன்? வேலைநிறுத்த நாளில் வராதவனுக்கு என்ன நடக்கும் என்று நம் பதிலித் தோழர்களைக் கேட்டுப் பாருங்கள், சொல்வார்கள். முகமூடி போட்ட சிலர் வந்தார்கள். கண்ணாடியை உடைத்தார்கள். பெட்ரோல் குண்டை உள்ளே வீசினார்கள். புகை மேலே ஏறியது. தப்பி ஓடச் சரியான வழி கிடையாது. சிலர் பால்கனி வழியாகத் தப்பினார்கள். மூன்று பேர் புகையில் மூச்சுத் திணறிச் செத்தார்கள். இரண்டு பெண்கள், ஒரு ஆண். மூவரும் நாற்பது வயதை எட்டாதவர்கள். ஒரு பெண் நாலு மாதக் கர்ப்பிணி.

செத்தது பாங்கி முதலாளியா? பங்குதாரனா? கவுண்டரில் உட்கார்ந்து சம்பளத்துக்கு வேலை பார்த்த மூன்று தொழிலாளிகள்.

பாங்கிக்காரன் குற்றமில்லாதவன் என்று நான் சொல்லவில்லை. தீப்பிடித்தால் வெளியேற வழி செய்யாமல் ஊழியரை உள்ளே வைத்திருந்ததற்காக பாங்கி அதிகாரிகள் சிலரை 2013-ல் கோர்ட்டே குற்றவாளிகள் என்று தீர்ப்பளித்தது. ஆனால் மே 5 மாலையில் அதை யார் பேசினார்கள்? குண்டு வீசியவன் கொலைகாரன், ஊர்வலம் போனவர்கள் கொலைக்குத் துணைபோனவர்கள் என்பதுதான் எல்லா டெலிவிஷனிலும் பேச்சு. வெட்டைப் பற்றிப் பேச்சில்லை. மறுநாள் மே 6. பார்லிமெண்டில் 172 பேர் கை தூக்கி அந்தச் சட்டத்தை நிறைவேற்றிவிட்டார்கள். முதல்நாள் கடல்போலத் திரண்ட ஜனம் மறுநாள் எங்கே போயிற்று? வீட்டில் இருந்தது. துக்கத்தோடும் வெட்கத்தோடும் இருந்தது. அதன் பிறகு பல மாதங்களுக்கு அவ்வளவு பெரிய ஊர்வலம் ஏதென்சில் எழும்பவில்லை. எல்லாவற்றுக்கும் இந்தத் தீ ஒன்றே காரணம் என்று சொன்னால் மிகைதான். அதுவும் ஒரு பெரிய காரணம் என்று மறுக்கிறவர்கள் அங்கேயே குறைவு. 2020-ல், பத்து வருஷம் கழித்து, வலதுசாரிப் பிரதமர் மித்சோதாக்கிஸ் அந்த இடத்தில் நினைவுப் பலகை திறந்து வைத்தார். செத்த தொழிலாளிக்குப் பலகை வைக்கும் உரிமையைக்கூட அவர்கள் கையில் கொடுத்தாகிவிட்டது.

இதில் நமக்கு ஒரு விஷயம் இருக்கிறது. வேலைநிறுத்த நாளில் மில்லுக்குள் போகிற பதிலியை நாம் என்ன செய்கிறோம்? கோபம் வரத்தான் செய்யும். ஆனால் ஷிப்ட் விட்டு வெளியே வரும்போது கேட்டில் நின்று பேசுகிறோம். வீட்டுக்குப் போய்ப் பேசுகிறோம். இன்றைக்கு இங்கே முன்வரிசையில் உட்கார்ந்திருக்கிற சிலர் அப்படி ஒரு காலத்தில் உள்ளே போனவர்கள்தான். பெயர் சொல்லமாட்டேன், சிரிக்க வேண்டாம்! அன்று உள்ளே தீயை வீசியிருந்தால் இன்று இந்த வரிசை ஏது?

சிக்காகோவைப் பற்றி நாம் மே தினம்தோறும் பேசுகிறோம். 1923-ல் தோழர் சிங்காரவேலர் சென்னைக் கடற்கரையில் மே தினம் கொண்டாடிய நாள் முதல் பேசிவருகிறோம். ஆனால் அங்கே வெடித்த குண்டைப் பற்றி அதிகம் பேசுவதில்லை. 1886-ஆம் ஆண்டு மே 1-ஆம் தேதி எட்டு மணி நேர வேலை கேட்டு அமெரிக்கா முழுவதும் லட்சக்கணக்கானவர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். 3-ஆம் தேதி மெக்கார்மிக் தொழிற்சாலை வாசலில் போலீஸ் சுட்டுத் தொழிலாளிகளைக் கொன்றது. 4-ஆம் தேதி இரவு ஹேமார்க்கெட் சதுக்கத்தில் கண்டனக் கூட்டம். மேயரே வந்து பார்த்துவிட்டு, அமைதியாகத்தான் நடக்கிறது என்று போலீசிடம் சொல்லிவிட்டு வீட்டுக்குப் போய்விட்டார். மழை வரும்போல இருந்தது, ஜனங்களும் கலைந்துகொண்டிருந்தார்கள். கடைசிப் பேச்சு முடிகிற நேரத்தில் நூற்றெழுபதுக்கு மேற்பட்ட போலீஸ் அணிவகுத்து வந்து கலையச் சொன்னது. எங்கிருந்தோ ஒரு குண்டு விழுந்தது. போலீஸ் கண்டபடி சுட்டது. போலீசாரும் செத்தார்கள், தொழிலாளிகளும் செத்தார்கள்.

குண்டு வீசியவன் யார்? இன்றுவரை தெரியாது. தொழிலாளிப் பிரதிநிதியா, பைத்தியக்காரனா, கூலிக்கு அமர்த்தப்பட்டவனா, யாருக்கும் தெரியாது. ஆனால் எட்டுப் பேர் மீது கேஸ் போட்டார்கள். பார்சன்ஸ், ஸ்பைஸ், பிஷர், எங்கெல் நால்வரும் 1887 நவம்பர் 11-ல் தூக்கில் தொங்கினார்கள். லிங் முதல்நாளே ஜெயிலில் உயிரை மாய்த்துக்கொண்டார். மிச்சம் மூவரையும் 1893-ல் கவர்னர் ஆல்ட்கெல்ட் விடுதலை செய்து, விசாரணையே அநியாயமாக நடந்தது என்று எழுதிவைத்தார். எட்டு மணி நேரக் கோரிக்கை? அந்த ஒரு குண்டின் புகையில் அது பல வருஷம் பின்னுக்குப் போயிற்று. சங்கத் தலைவர்களைத் தேடித் தேடிப் பிடித்தார்கள், பத்திரிகை ஆபீஸ்களைச் சோதனை போட்டார்கள்.

அந்த எட்டுப் பேரும் அராஜகவாதிகள்தான். இதை மறைக்கவேண்டிய அவசியம் நமக்கு இல்லை. அவர்கள் கொள்கையோடு நமக்கு உடன்பாடு இல்லை. அவர்களுக்கு நாம் தலை வணங்குகிறோம். அவர்கள் முகத்தை மூடிக்கொண்டு பேசியவர்கள் அல்ல. வண்டிமேல் ஏறி, தங்கள் பெயரைச் சொல்லி, தங்கள் பத்திரிகையில் கையெழுத்துப் போட்டு எழுதியவர்கள். பார்சன்ஸ் போலீசுக்கு அகப்படாமல் தப்பியிருந்தவர்; விசாரணை தொடங்கும் நாளில் தாமாகவே கோர்ட்டுக்கு நடந்து வந்து தோழர்களோடு உட்கார்ந்தார். குண்டு வீசியவனோ இருட்டில் வந்தான், இருட்டில் போனான். அவன் பெயருக்கான தண்டனையை இவர்கள் கழுத்தில் வாங்கினார்கள்.

முகமூடிக்குள் யார் இருக்கிறார்கள் என்று நமக்குத் தெரியாது என்றேன். போலீசுக்குத் தெரியும். சில சமயம் ரொம்ப நன்றாகத் தெரியும்! ஏன் தெரியும் என்று கேளுங்கள்.

2007 ஆகஸ்டில் கனடா தேசத்தில் மாண்டிபெல்லோ என்ற ஊரில் அமெரிக்கா, கனடா, மெக்சிகோ மூன்று தேசத்துத் தலைவர்களும் மாநாடு கூடினார்கள். எதிர்த்து ஆர்ப்பாட்டம். காகித ஆலைத் தொழிலாளிகளையும் மற்றவர்களையும் கொண்ட ஒரு பெரிய சங்கத்தின் தலைவர் டேவ் கோல்ஸ் அங்கே நின்றிருந்தார். வயதானவர்களும் சாதாரண ஜனங்களும் அமைதியாக நிற்கிற இடம் அது. அங்கே மூன்று தடித்த ஆட்கள் முகத்தை மூடிக்கொண்டு வந்தார்கள். ஒருவன் கையில் பெரிய கல். கோல்ஸ் என்ன செய்தார்? அவர்களுக்கும் போலீஸ் வரிசைக்கும் நடுவில் போய் நின்றார். கல்லைக் கீழே போடு என்றார். முகமூடியை எடு என்றார். அவர்கள் எடுக்கவில்லை. சுற்றியிருந்த இளைஞர்களுக்கும் விஷயம் புரிந்துவிட்டது. "போலீஸ், போலீஸ்!" என்று கத்தினார்கள். மூவரும் போலீஸ் வரிசைக்குள் முட்டிக்கொண்டு நுழைந்தார்கள். போலீஸ் அவர்களைக் குப்புறத் தள்ளி விலங்கு மாட்டுகிற மாதிரி மாட்டியது. படம் பிடித்தவர்கள் பிறகு பார்த்தால், படுத்தவன் பூட்ஸின் அடியிலும், மேலே மண்டியிட்ட போலீசின் பூட்ஸின் அடியிலும் ஒரே அடையாளம்! ஒரே கடையில் வாங்கிய பூட்ஸ்!

முதலில் போலீஸ் மறுத்தது. படம் உலகம் முழுக்கப் பரவியதும், ஆகஸ்ட் 23-ல் ஒப்புக்கொண்டது: மூவரும் தங்கள் ஆட்கள்தான். கலகம் மூட்ட அனுப்பவில்லை, கலகக்காரரைக் கண்டுபிடிக்க அனுப்பினோம் என்று சமாதானம் சொன்னார்கள். கையில் கல் எதற்கு என்பதற்குச் சமாதானம் போதவில்லை.

கறுப்பு உடுத்தியவன் எல்லாம் போலீஸ் ஏஜண்டு என்று கிளப்பிவிடாதீர்கள். அது பொய், அபாயமான பொய். பெரும்பாலோர் உண்மையான கோபத்தோடு வருகிற பிள்ளைகள். ஆனால் முகமூடி போட்ட கூட்டத்துக்குள் நுழைய ஏஜண்டுக்கு என்ன வேண்டும்? ஒரு முகமூடி போதும். நம் ஊர்வலத்தில் அவன் நுழைந்தால் பத்து அடி நடப்பதற்குள், "நீ எந்த டிபார்ட்மெண்ட், எந்த ஊர், யார் வீட்டுப் பையன்?" என்று நாலு பேர் கேட்டுவிடுவார்கள்.

இத்தாலியில் ஜெனோவா என்ற துறைமுக நகரம். 2001 ஜூலையில் எட்டுப் பணக்கார தேசத்துத் தலைவர்கள் அங்கே கூடினார்கள். 20-ஆம் தேதி கறுப்பு உடைக்காரர்கள் பாங்கிகளையும் கடைகளையும் உடைத்துக்கொண்டு போனார்கள். ஜெயில் கதவையே தாக்கினார்கள். அங்கே காவலுக்கு நின்ற படை பின்வாங்கிற்று. அதே நேரத்தில், அனுமதி வாங்கி நடந்துகொண்டிருந்த வேறொரு ஊர்வலத்தின் மீது ராணுவப் போலீஸ் பாய்ந்தது. மானின் சதுக்கத்தில் அகிம்சைவாதிகள் வெள்ளைச் சாயம் பூசிய கைகளைத் தூக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். கறுப்பு உடைக்காரர்கள் அந்தப் பக்கம் கடந்து போனார்கள். பின்னால் வந்த போலீஸ் அகப்பட்டவர்களை அடித்தது. அகப்பட்டவர்கள் யார்? ஓடாமல் உட்கார்ந்திருந்தவர்கள். அன்று மாலை அலிமோண்டா சதுக்கத்தில் கார்லோ ஜூலியானி என்ற 23 வயது இளைஞனை ஜீப்பிலிருந்த ராணுவப் போலீஸ்காரன் சுட்டுக் கொன்றான். விழுந்த உடலின் மேல் ஜீப் ஏறிப் போயிற்று.

மறுநாள் இரண்டு லட்சத்துக்கு மேற்பட்டவர்கள் ஊர்வலம் போனார்கள். அவர்கள் மீதும் கண்ணீர்ப்புகை. அன்று இரவு தியாஸ் பள்ளிக்கூடத்தில் படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தவர்கள் மீது போலீஸ் புகுந்து எலும்பை உடைத்தது. 93 பேரைப் பிடித்தது. பெட்ரோல் குண்டு வைத்திருந்தார்கள் என்று இரண்டு பாட்டிலைக் காட்டியது. அந்தப் பாட்டில்களைப் போலீசே கொண்டுவந்து வைத்தது என்று பிறகு கோர்ட்டில் நிரூபணமாயிற்று! அங்கே நடந்தது சித்திரவதை என்று ஐரோப்பிய மனித உரிமைக் கோர்ட் 2015-ல் தீர்ப்புச் சொன்னது.

தண்டனைக் கணக்கைப் பாருங்கள். போலீஸ் அதிகாரிகளின் குற்றத்தில் பெரும்பகுதி, காலம் கடந்துவிட்டது என்றும் மன்னிப்புச் சட்டம் என்றும் கரைந்துபோயிற்று. ஆர்ப்பாட்டக்காரர்கள் பத்துப் பேருக்கு 2012-ல் தண்டனை உறுதியாயிற்று. அதில் மிக அதிகமானது 14 வருஷம். முசோலினி காலத்தில், 1930-ல் எழுதிய சூறையாடல் சட்டத்தைத் தூசு தட்டி எடுத்துப் போட்டார்கள். கண்ணாடிக்கு 14 வருஷம்!

"போலீஸ் எப்படியும் அடிக்கத்தானே போகிறது?" என்று ஒரு தோழர் பின்னாலிருந்து கேட்கிறார். சரியான கேள்வி. 1999 நவம்பர் 30-ல் அமெரிக்காவின் சியாட்டில் நகரத்தில் அதுதான் நடந்தது. உலக வர்த்தக ஸ்தாபனத்தின் மாநாடு. நம் நெல் விலையும் பருத்தி விலையும் அகப்பட்டுக்கொண்ட அதே ஸ்தாபனம். நாற்பதாயிரம் பேருக்கு மேல் திரண்டார்கள். விடியற்காலையில் இளைஞர்கள் நாற்சந்திகளில் கையோடு கை கோத்து உட்கார்ந்தார்கள். மேற்குக் கரைத் துறைமுகத் தொழிலாளிகள் அன்று வேலையை நிறுத்தினார்கள். திறப்பு விழா நடக்கவில்லை, ரத்து. உட்கார்ந்திருந்தவர்கள் மீது காலையிலேயே கண்ணீர்ப்புகை வீசினார்கள். கறுப்பு உடைக்காரர்கள் கடைக் கண்ணாடியை உடைத்தது அதற்குப் பிறகுதான். ஆகவே கண்ணாடி உடைந்ததால் போலீஸ் அடித்தது என்று சொன்னால் அது பொய். ஆனால் கவனியுங்கள்: மாநாட்டை நிறுத்தியது நாற்சந்தியில் உட்கார்ந்தவர்களின் உடம்பு. அதுவும் சட்டப்படி குற்றந்தான். நம் ரயில் மறியல் மாதிரி. சட்டத்தை மீறுவதா கூடாதா என்பது இங்கே பிரச்னையே இல்லை. மறியலில் உட்கார்ந்தவர்கள், பொருளைச் சேதப்படுத்துவதில்லை என்று முன்கூட்டியே கூடிப் பேசி முடிவு செய்திருந்தார்கள். அந்த முடிவைக் கூட்டத்தில் எழுந்து எதிர்க்காமல், தெருவில் வந்து முறித்தார்கள். பத்திரிகையில் முதல் பக்கம் கிடைத்தது உண்மை. முதல் பக்கத்தில் எதைப் பற்றி எழுதினார்கள்? கண்ணாடியைப் பற்றி. ஊரடங்கு போட்டார்கள்; நகரின் நடுவில் ஆர்ப்பாட்டம் கூடாத பகுதி என்று கோடு கிழித்தார்கள்; ஜன்னலைத் தொடாத சுமார் 600 பேரைப் பிடித்தார்கள். மூன்றாம் நாள் கடந்து மாநாடு முறிந்ததற்கு, ஏழை நாட்டுப் பிரதிநிதிகள் கையெழுத்துப் போட மறுத்தது பெரிய காரணம். அது எத்தனை பேருக்குத் தெரியும்?

மறுபடி ஏதென்சுக்கு வருகிறேன். இது நம் சொந்த வீட்டு விஷயம். 2011 அக்டோபர் 19, 20 இரண்டு நாள் பொது வேலைநிறுத்தம். புதிய வெட்டுச் சட்டம் பார்லிமெண்டில் ஓட்டுக்கு வருகிறது. 20-ஆம் தேதி அங்கேயுள்ள கம்யூனிஸ்டுகளின் தொழிற்சங்க முன்னணியான பாமே, பார்லிமெண்டைச் சுற்றி வளைத்தது. ஓட்டு முடியும்வரை ஜனங்கள் கலையாமல் சதுக்கத்தில் நிற்கவேண்டும் என்று கட்டிடத் தொழிலாளிகள் முதலானோர் கை கோத்து வரிசை கட்டினார்கள். முகமூடிக் கூட்டம் அந்த வரிசையின் மீது பாய்ந்தது. சலவைக்கல்லை உடைத்து எறிந்தார்கள். பெட்ரோல் குண்டு எறிந்தார்கள். போலீஸ் மீதா? தொழிலாளி மீது! மண்டை உடைந்தவர்கள் ஏராளம். போலீஸ் கண்ணீர்ப்புகையைக் கொட்டியது. டிமித்ரிஸ் கோட்சாரிடிஸ் என்ற 53 வயதுக் கட்டிடத் தொழிலாளி, சங்க ஊழியர், அங்கே விழுந்து இறந்தார். இருதயம் நின்றது என்றார்கள் டாக்டர்கள். அதற்குக் காரணம் கண்ணீர்ப்புகை என்றது சங்கம்.

அராஜகவாதிகள் இதற்கு ஒரு குற்றச்சாட்டுச் சொல்கிறார்கள். "பார்லிமெண்டுக்கு முதுகைக் காட்டி நின்று அதற்குக் காவல் காத்தார்கள்" என்கிறார்கள். படத்தைப் பார்த்தால் அப்படித் தோன்றத்தான் செய்யும். ஆனால் அந்த வரிசை எதற்கு? போன வருஷம் மே மாதம் நடந்தது மறுபடி நடக்காமலிருக்க. சதுக்கம் புகையால் காலியாகாமலிருக்க. சதுக்கம் காலியாகவேண்டும் என்று விரும்பியது யார்? உள்ளே ஓட்டுப் போட உட்கார்ந்திருந்தவர்கள். அவர்கள் விருப்பத்தை நிறைவேற்றியது யார் கல்?

இப்போது என் சொந்தக் கதை ஒன்றைச் சொல்லியாகவேண்டும். சில வருஷங்களுக்கு முன், ஊர் பெயரும் மில் பெயரும் வேண்டாம், போனஸ் போராட்டம். கோன் வைண்டிங் பகுதியிலிருந்து பதினாலு பெண்கள் முதல்முறையாக ஊர்வலத்துக்கு வந்தார்கள். அவர்களை அழைத்துவர எங்கள் தோழியர் ஆறு மாதம் வீடு வீடாக நடந்திருந்தார்கள். மில் ஆபீஸ் எதிரே ஊர்வலம் வந்தபோது பின்வரிசையிலிருந்து ஒரு கல் பறந்தது. ஜன்னல் உடைந்தது. காத்திருந்த மாதிரி தடியடி. ஒரு அம்மாளுக்கு மணிக்கட்டு முறிந்தது. பதினோரு பேருக்கு வேலை நீக்கம். ஜன்னலுக்கு மறுநாளே புதுக் கண்ணாடி போட்டுவிட்டார்கள்! பதினாலு பெண்களில் ஒருவர்கூட அடுத்த கூட்டத்துக்கு வரவில்லை. வீட்டில் விடவில்லை. மறுபடி அந்தப் பகுதியில் சங்கத்தின் காலடி பட இரண்டு வருஷம் ஆயிற்று.

கல்லை எறிந்தது யார்? எங்கள் ஆளா, நிர்வாகத்தின் ஆளா, வேடிக்கை பார்க்க வந்த பையனா? இன்றைக்கும் தெரியாது. அதைவிடக் கொடுமை, ஒருவரை ஒருவர் சந்தேகப்பட்டு இரண்டு நல்ல தோழர்கள் பேச்சை நிறுத்திவிட்டார்கள். அன்று பின்வரிசைக்குப் பொறுப்பு நான். ஒரு நிருபர் கேள்வி கேட்கிறார் என்று முன்னால் போய் நின்றுவிட்டேன். பொறுப்பாளன் இல்லாத வரிசையில்தான் கல் எழும்பிற்று. அந்தத் தவறு என்னுடையது. அந்த அம்மாளின் மணிக்கட்டு இன்னும் நேராகவில்லை. நூலைப் பிடிக்கும்போதெல்லாம் வலிக்கிறது என்று சொல்வார்.

ஆகவே இளந்தோழர்களுக்கு என் பதில் இது. மனுக் கொடுத்தது போதாது என்று நீங்கள் சொன்னது சரி. நானும் ஒப்புக்கொள்கிறேன். மறியல் வேண்டுமா, ஆபீஸ் வாசலில் உட்கார வேண்டுமா, நடவு நேரத்தில் வேலையை நிறுத்த வேண்டுமா, இங்கே எழுந்து பேசுங்கள். தோற்றால் மறுபடி பேசுங்கள். கையைத் தூக்கி முடிவு செய்தால், ஜெயிலுக்குப் போகிற முடிவானாலும் எல்லோரும் போவோம். ஆனால் இடுப்பில் பிள்ளையோடு வருகிறவளைக் கேட்காமல் அவளுக்கும் சேர்த்து ஒருவன் முடிவு செய்ய நம் ஊர்வலத்தில் இடம் கிடையாது.

அப்படி எவனாவது கல்லெடுத்தால் அவனைப் போலீஸ் கையில் பிடித்துக் கொடுக்கிற வேலையும் நமக்கு வேண்டாம். கோல்ஸ் செய்த மாதிரி நடுவில் போய் நில்லுங்கள். கல்லைக் கீழே போடச் சொல்லுங்கள். யார் என்று கேளுங்கள். நம் ஆளானால் அணைத்து வரிசைக்குள் கொண்டுவாருங்கள். பதில் சொல்லாவிட்டால் பூட்ஸைப் பாருங்கள்!

வருகிற திங்கட்கிழமை கூலிப் பாக்கிக்காக மறுபடி தாசில்தார் ஆபீஸ் போகிறோம். இந்த முறை மனுவோடு திரும்புவதில்லை. பதில் வருகிறவரை வாசலில் உட்காருவது என்று கிளைகளின் யோசனை. அதை இப்போது ஓட்டுக்கு விடப்போகிறோம். தீர்மானமானால், பத்துப் பேருக்கு ஒரு தொண்டர் வீதம் போடவேண்டும். சிவப்புத் துணியைக் கையில் கட்டுங்கள், முகத்தில் கட்டாதீர்கள். பெண்களும் வயதானவர்களும் நடுவில். தண்ணீர்க் குடத்துக்கு விவசாயத் தொழிலாளர் சங்கம் பொறுப்பு. கேள்வி கேட்ட இரண்டு இளந்தோழர்களும் பின்வரிசைக்குப் பெயர் கொடுத்திருக்கிறார்கள். நானும் அவர்களோடு பின்வரிசையில்தான் வருகிறேன். எந்த நிருபர் கூப்பிட்டாலும் முன்னால் போகமாட்டேன்.